கிழிசல் பத்தியில் போன துடிப்பு

கல்மண்டபம், ராயபுரம்
2 பிப்ரவரி 1956, வியாழன்

மதினி சுகிர்தம் அவர்களுக்கு,

தோத்திரம். ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் தங்கை புருஷன் என்று சொல்லிக்கொள்ள நீங்கள் இடம் கொடுக்காவிட்டாலும், விஷயம் ரோஸ்மேரியைப் பற்றியது. நீங்கள் நர்ஸ். அதனால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

பொங்கல் கழிந்ததிலிருந்து அவளுக்கு நெஞ்சு படபடப்பு. மாடிப்படி நாலு ஏறினால் நின்றுவிடுகிறாள். தண்டையார்பேட்டையில் டாக்டர் சுப்புராஜிடம் கூட்டிப் போனேன். குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயசில் முட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். பதினொரு வயசில் வந்தது, அக்காதான் மூன்று மாசம் பார்த்தாள் என்றாள் இவள். அந்தக் காய்ச்சல் இருதயத்தின் உள்வாசலைச் சுருக்கிவிட்டதாம். மேல் அறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் இப்போது வெறுமனே நடுங்குகிறதாம். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி புறப்பட்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இதை என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தவள் கேட்டுவிட்டாள்.

ஓட்டத்தை அடக்க டிஜிட்டாலிஸ் மாத்திரை, தினம் ஒன்று. அளவு மீறினால் அதுவே விஷமாம். ஆகையால் காலையில் மாத்திரைக்கு முன்னால் நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. "யார் எண்ணுவீங்க?" என்றார். துறைமுகத்தில் பதினெட்டு வருஷமாக டாலி கிளார்க், கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவதுதான் என் வேலை என்றேன். "அப்ப உங்களைவிட ஆள் யாரு?" என்று சிரித்தார்.

ரோஸ்மேரி தானே உங்களுக்கு எழுதுகிறேன் என்றாள். குனிந்து எழுதினால் மூச்சு வாங்கும், நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் கவனிக்க வேண்டியது இன்னும் ஏதாவது உண்டென்றால் தெரிவியுங்கள்.

தவசிமுத்து


பாளையங்கோட்டை
5-2-56

திரு. தவசிமுத்து அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நாடியை முழு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோம்பேறித்தனம் இந்த வியாதியில் ஆகாது, துடிப்பு ஒரே சீராக வராது. பெருவிரலால் பிடிக்காதீர்கள், உங்கள் நாடியே உங்களுக்குத் துடிக்கும். உப்பைக் குறையுங்கள். கருவாடு வீட்டுக்குள் வரக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இத்தோடு முடித்திருப்பேன், மனசு கேட்கவில்லை. இந்த நாள் வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கோயிலில் மூன்றாம் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் முன்னே உங்கள் தாயாருக்கு எழுதினேன், என் தங்கைக்கு இருதயக் கோளாறு, கலியாண வாழ்வைத் தாங்க மாட்டாள் என்று. அதற்காக அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாள். நீங்கள் வீரமாகத் தாலி கட்டினீர்கள். அது ஒரு நாள் வேலை ஐயா. தினம் காலையில் உட்கார்ந்து நாடி பிடிப்பது வேறு வேலை. கப்பல் வந்தால் வீட்டை மறக்கிற ஆள் என்று அன்று உங்களைச் சொன்னேன். அதை இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சுகிர்தம்


ராயபுரம்
8 பிப்ரவரி 1956

மதினி,

நர்ஸ் எழுதிய பாதிக் கடிதத்துக்கு நன்றி. மதினி எழுதிய மறுபாதியை ரோஸ்மேரி கண்ணில் படாமல் மடித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் அன்று எழுதிய கடிதத்தால் என் தாயார் கலியாணத்துக்கே வரவில்லை. சாகிற வரைக்கும் இவளை மருமகளே என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. நல்ல காரியம் செய்தீர்கள்! தங்கை மேல் அத்தனை அக்கறை உள்ளவர் இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவை ரயிலேறி வந்து பார்த்திருக்கலாமே. தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பாடம் நடத்துவது சுலபம்.

நேற்றும் இன்றும் முழு நிமிஷம் எண்ணித்தான் மாத்திரை கொடுத்தேன். இனிமேல் என்னிடமிருந்து எண்ணிக்கை மட்டும் வரும். வேறு பேச்சு நமக்குள் வேண்டாம்.

தவசிமுத்து


ராயபுரம்
13 பிப்ரவரி 1956, திங்கள்

மதினி அவர்களுக்கு,

ஏழாந்தேதி 66, மாத்திரை கொடுத்தேன். எட்டு 62, கொடுத்தேன். ஒன்பது 58, நிறுத்தினேன். பத்து 55, பதினொன்று 53, பன்னிரண்டு 54, இன்று 52. ஒன்பதாம் தேதியிலிருந்து கொடுக்கவே இல்லை. டாக்டர் சுப்புராஜ் சொந்த ஊர்க் கலியாணத்துக்குப் போயிருக்கிறார், 23-ம் தேதிதான் வருவாராம். கம்பவுண்டரிடம் நோட்டைக் காட்டினேன். "ஐம்பத்து மூணா? அப்ப கண்டிப்பா கொடுக்காதீங்க" என்றார்.

எண்ணிக்கை மட்டும் எழுதுவேன் என்றேன், அது முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. அவளுக்கு மூச்சு முன்னைவிட அதிகமாக வாங்குகிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறாள். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு, கழுத்து வரைக்கும் அடிக்குது"ன்னு தினம் சொல்கிறாள். ஐம்பத்திரண்டுதான் இருக்கிறது, வீணாகப் பயப்படாதே என்று நோட்டைக் காட்டிச் சமாதானம் சொன்னேன். சனிக்கிழமை காப்பி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். இடது கை மரத்துப் போச்சு என்றாள், வார்த்தையும் கொஞ்சம் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால் அப்படித்தான் ஆகும் என்று சத்தம் போட்டேன்.

கீழ்வீட்டுப் பச்சையம்மா காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிறவள். இன்று காலை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, அந்தப் பொண்ணு மூச்சு வாங்கிகினு கீது, நீ பொஸ்தகத்துல கோடு போட்டுகினு கீறே"ன்னு என்னைக் கேட்டாள்.

மாத்திரையை நிறுத்தியும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. இது நல்லதா, கெட்டதா? பழசையெல்லாம் தள்ளி வையுங்கள். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. உடனே எழுதுங்கள்.

தவசிமுத்து


பாளையங்கோட்டை
20-2-56

தவசிமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இன்றுதான் பார்த்தேன். பார்த்த கையோடு தந்தி ஆபீசுக்கு ஓடினேன். தந்தி இதற்கு முன்னே உங்களுக்குக் கிடைத்திருக்கும், விவரம் இதில்.

நீங்கள் எழுதியது நடக்கக்கூடியதே இல்லை. மாத்திரையை நிறுத்தினால் ஓட்டம் ஏற வேண்டும். உங்கள் கணக்கில் இறங்குகிறது. ஐம்பத்திரண்டு ஓடுகிறவள் மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்க மாட்டாள். எங்கேயோ தப்பு நடக்கிறது. மணிக்கட்டை விட்டுவிட்டு அவள் இடது மார்புக்குக் கீழே காதை வைத்து எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டில் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதையும் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

டம்ளர் விழுந்ததற்கா அவளைத் திட்டினீர்கள்? அது படுத்த கோளாறு இல்லை. சின்னக் கட்டி ஒன்று மூளைவரைக்கும் போய், நம் நல்ல காலம், கரைந்திருக்கிறது. அடுத்தது கரையும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ள இப்போது மாத்திரை இருக்கிறது. கொஞ்சம் கூடினால் உள்ளே ரத்தம் கசியும், ஆகவே அடிக்கடி ரத்தம் எடுத்துச் சோதித்துத்தான் அளவு சொல்வார்கள். வீட்டில் வைத்து நாம் செய்கிற காரியம் இல்லை. டாக்டர் ஊரிலிருந்து வருகிறவரைக்கும் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சுகிர்தம்


ராயபுரம்
21 பிப்ரவரி 1956, செவ்வாய் காலை

மதினி,

தந்தி நேற்று மாலை வந்தது. "எண்ணிக்கை தப்பு. இன்றே ஆஸ்பத்திரி." ஒரு வாரமாகத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டு நின்றேன். ஒரு வரி வரவில்லை. வந்ததும் இப்படி வருகிறது.

பதினெட்டு வருஷத்தில் என் எண்ணிக்கை தப்பு என்று சொன்ன ஏஜெண்டு இல்லை, கப்பல்காரன் இல்லை. எப்படி எண்ணுகிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய இடது மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கிறேன். எதிரே கடிகாரம். நாலு துடிப்புக்கு நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒரு துடிப்பைக்கூட விடவில்லை. விரலில் நிறைந்து இடிக்கிறது நல்ல பத்தியில் போகும். தொட்டும் தொடாமலும் நழுவுகிற மெலிந்த துடிப்பு கிழிசல் பத்தியில் போகும். துறைமுகத்தில் அதுதான் முறை. கிழிந்து அரிசி சிந்தின மூட்டையை ஓரமாகப் போட்டுத் தனிப் பத்தியில் எழுதுவோம். கோணி ஊசி போட்டுத் தைத்து முழுசாக்கின பிறகுதான் அது மொத்தத்தில் சேரும். கிழிசலையும் நல்லதோடு கூட்டி எழுதுகிறவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இன்று காலை நல்லது 50, கிழிசல் 46. போதுமா? இதைவிடச் சுத்தமாக உங்கள் ஆஸ்பத்திரியில் யார் எண்ணுகிறார்கள்?

ஆனாலும் உங்கள் வார்த்தையைத் தட்டவில்லை. ரங்கூன் அரிசிக் கப்பல் ஒன்று நிற்கிறது, நாளை மாலை இறக்கி முடியும். வியாழக்கிழமை டாக்டரும் வந்துவிடுகிறார், எனக்கும் லீவு. அவரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறேன். ஐம்பதில் நிற்கிற நாடிக்கு இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

தவசிமுத்து


பாளையங்கோட்டை
23-2-56

ஐயோ தவசிமுத்து, அந்த இரண்டு பத்தியையும் கூட்டுங்கள்.

மெலிந்த துடிப்பும் துடிப்புதான். இருதயம் நிறைவதற்கு நேரமில்லாமல் அவசர அவசரமாக அடிக்கிற அடி அது. ஐம்பதும் நாற்பத்தாறும் தொண்ணூற்றாறு. மணிக்கட்டுவரைக்கும் வந்து சேராமல் பாதியில் நின்றுபோனவை இன்னும் எத்தனையோ. உள்ளே நூற்று நாற்பதுக்குக் குறையாது. ஓட்டம் ஏற ஏற நிறைந்த அடி குறையும், மெலிந்த அடி கூடும். அதனால்தான் உங்கள் நல்ல பத்தி நாளுக்கு நாள் இறங்கியது. அடக்குகிற மாத்திரையைப் பதினைந்து நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

மறுபடியும் தந்தி கொடுத்துவிட்டேன். கப்பலாவது, லீவாவது! தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சுகிர்தம்


ஆஸ்பத்திரி வராந்தா
27 பிப்ரவரி 1956

மதினி,

உங்கள் இரண்டாவது தந்தி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பச்சையம்மா வாங்கி இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். கடிதங்களும் அவள் மூலமாகத்தான் வந்தன. எல்லாவற்றையும் இந்த வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன்.

நடந்தது புதன்கிழமை, 22-ம் தேதி காலை. நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே நடந்தது. முப்பதோ என்னவோ எண்ணியிருப்பேன், அவள் கை என் கையில் கனத்தது. அசதியில் கையைப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நிமிஷம் முடியட்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். முடித்து, நோட்டில் எழுதி, நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக் கிடக்கிறது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ! நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாட்டம் நின்றேன். பச்சையம்மாதான் ஓடிவந்து, "அத்த அப்பால கடாசு நைனா, ஆளத் தூக்கு"ன்னு கத்தினாள். ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தேன்.

இங்கே சின்ன டாக்டர் குழல் வைத்து எண்ணி நூற்று நாற்பத்தெட்டு என்றார். நான் நம்பவில்லை, சண்டைக்குப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் குழலை என் காதில் மாட்டினார். நான் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு கேட்டேன். உள்ளே மூன்று அடி விழுந்தால் என் விரலுக்கு நன்றாகத் தெரிவது ஒன்றுதான். அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

இடது கையும் காலும் வரவில்லை. வாய் குழறுகிறது, ஆனால் பேசுகிறாள், ஆளை அடையாளம் தெரிகிறது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்து ஓட்டம் இப்போது தொண்ணூறுக்கு வந்திருக்கிறது. ரத்தம் உறையாத மாத்திரையும் கொடுக்கப் போகிறார்கள். கட்டியில் மிச்சம் உள்ளே இருக்கலாம், இன்னொன்று வராது என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

நீங்கள் ஆறு வருஷத்துக்கு முன்னே சொன்னது பலித்துவிட்டது மதினி. தந்தி வந்த பிறகும் கப்பல் முடியட்டும் என்று இருந்தவன்தான் நான். என் கையாலேயே அவளை முடக்கிவிட்டேன். எத்தனை வேண்டுமானாலும் திட்டுங்கள்.

தவசிமுத்து


பாளையங்கோட்டை
2-3-56

தம்பி தவசிமுத்து,

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதைச் சொல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. கேட்டுக்கொள்.

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் பதினைந்தாம் தேதியே வந்துவிட்டது. அதற்கு முந்தினதில் நீ எழுதியிருந்த சுடுசொல் எனக்கு ஆறவில்லை. இதுவும் அந்த மாதிரிதான் இருக்கும், கிடக்கட்டும், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று பிரிக்காமல் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். காலையிலும் மாலையிலும் ஜெபம் பண்ணினேன், கவரை நகர்த்தி வைத்துவிட்டுப் பண்ணினேன். ஐந்து நாள். திங்கட்கிழமைதான் பிரித்தேன். டம்ளர் விழுந்தது என்று படித்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். கடிதத்தை இன்றுதான் பார்த்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது பொய் இல்லை, ஆனால் பொய்யைவிடக் கேவலம்.

நீ தெரியாமல் செய்தாய். வார்டில் மற்றவர்களுக்கு இதே வியாதியைத் தினம் பார்க்கிற நான், தங்கை சமாசாரத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பதினைந்தாம் தேதியே தந்தி கொடுத்திருந்தால் ஒரு வாரம் கையில் இருந்தது.

லீவு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நான் வரலாமா? நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் புறப்படுகிறேன்.

சுகிர்தம்


ராயபுரம்
6 மார்ச் 1956

மதினி அவர்களுக்கு,

ஐந்து நாள்! நான் தெருமுனையில் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற ஐந்து நாள் அது.

நேற்று முன்தினம் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். நான் பாவி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் உங்களைக் கேட்டேனே மதினி, பயமாக இருக்கிறது என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேனே. உங்களை இந்த வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. வர வேண்டாம். அவள் சௌக்கியத்தை மாசம் ஒரு தடவை எழுதுகிறேன்.

தவசிமுத்து

அக்கா,

இனி எழுதுவது நான், ரோஸ்மேரி. இவர் இதை ஒட்டி, தபால் பெட்டியில் போடச் சொல்லிப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டுத் துறைமுகம் போனார். வாங்கிப் பிரித்துவிட்டேன். உன் கடிதங்களெல்லாம் இவர் கழற்றிப் போட்ட சட்டைப் பையில் இருந்தன, அவற்றையும் படித்தாயிற்று. எனக்குப் போனது இடது கை. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

உன் மேல் கோபம். இவர் மேலும் கோபம். நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறது என்று இவரிடம் இரண்டு வாரம் சொன்னேன், நோட்டைக் காட்டினார். அக்காவுக்கு நானே எழுதுகிறேன் என்றேன், விடவில்லை. நீயும் இத்தனை கடிதம் எழுதினாயே, ரோஸ்மேரி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி கேட்டாயா? கலியாணத்தின்போதும் இப்படித்தான். என் வியாதியை இவர் அம்மாவுக்கு எழுதினாய், என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், பெண் பார்க்க வந்த அன்றே இவரிடம் நானே எல்லாம் சொல்லிவிட்டேன். தெரிந்துதான் கட்டிக்கொண்டார்.

இப்போது இரண்டு பேரும் யார் பெரிய பாவி என்று எனக்கு மேலே நின்று வழக்குப் பேசுகிறீர்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை அக்கா. இன்னொரு கட்டி வருமோ என்று நான் கண்ணை மூடப் பயந்துகொண்டு கிடக்கிறேன்.

நீ புறப்பட்டு வா. இவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த புதன்கிழமை ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு பக்கம் நீ பிடி, ஒரு பக்கம் இவர் பிடிக்கட்டும். டாக்டர் கேட்கிற கேள்விக்கு உங்கள் இரண்டு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு எப்படி இருக்கிறது என்று நான்தான் சொல்வேன். வாய் கோணி வார்த்தை குழறும், ஒரு பேச்சு முடிய நேரமாகும். நின்று கேளுங்கள்.

ரோஸ்மேரி